கைபேசிக்கு மணி சொல்பவர் யார்?

சென்ற தவக்காலத்தின் மூன்றாம் வாரத்தில் நம் பங்கின் பழைய கோயில்பிள்ளை இறைவனடி சேர்ந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் ஆலயத்தின் மணிக்கயிற்றைப் பற்றியிருந்த கை அவருடையது. காலையும் நண்பகலும் மாலையும் மூவேளைச் செபத்துக்காக அவர் அடித்த மணியைக் கேட்டே இவ்வூரார் வயலுக்குப் புறப்பட்டார்கள், உலை வைத்தார்கள், விளக்கேற்றினார்கள். அவருடைய வீட்டில் பழைய வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. காலைச் செய்தி தொடங்கும்போது தம் கைக்கடிகாரத்தின் முள்ளைத் திருத்திக்கொள்வது அவரது வழக்கம். “தில்லிக்காரன் மணியைத் தப்பாச் சொல்ல மாட்டான் சாமி” என்று நம்மிடமே பலமுறை கூறியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை இரவு உயிர் பிரிந்தது. அவருக்கு இரு பெண்மக்கள், ஆண்பிள்ளை ஒருவரே. அவர் குவைத்தில் வேலை செய்கிறார். விடுப்புக்கு அனுமதி பெற்று, விமானத்தில் இடம் பிடித்து அவர் புறப்படுவதற்கு வியாழன் இரவாயிற்று. நேரே வரும் விமானத்தில் இடமில்லை. கொழும்பில் இறங்கி, அங்கிருந்து திருச்சிக்கு வேறு விமானம் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் வீடு வந்துவிடுவார் என்று கணக்கிட்டு, மாலை 4 மணிக்கு அடக்கத் திருப்பலி என அறிவித்தோம்.

வெள்ளி காலை 10.30 மணி இருக்கும். துக்க வீட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது மூத்த பெண்ணின் கைபேசி ஒலித்தது. அறியாத எண். கொழும்பு விமான நிலையத்தில் பணியாற்றும் தமிழர் ஒருவருடைய கைபேசியை வாங்கி அந்த மகன் பேசினார். விமானத்தைத் தவறவிட்டுவிட்டார். அடுத்த விமானம் மறுநாள் காலையில்தான். உடல் குளிர்பெட்டியில் வைக்கப்பட்டு மூன்றாம் நாள் ஆகியிருந்தது. நோயுற்ற தாய் ஒருபுறம் மயங்கி மயங்கி விழுந்துகொண்டிருந்தார். உறவினர் கூடிப் பேசினர். ஒரு முடிவும் ஏற்படவில்லை. இறுதியில் அம்மகனே, “எனக்காகக் காத்திருக்க வேண்டாம், அப்பாவை அடக்கம் பண்ணிடுங்க” என்று சொல்லிவிட்டார். நாம் 5.30 மணி வரை திருப்பலியைத் தள்ளிவைத்தோம். எதற்காகத் தள்ளிவைத்தோம் என்பது நமக்கே விளங்கவில்லை. மகன் இடவேண்டிய முதற்பிடி மண்ணை மருமகன் இட்டார்.

மறுநாள் பிற்பகலில் அவர் கல்லறைத் தோட்டத்திலிருந்து நேரே நம் இல்லத்துக்கு வந்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“சாமி, இது ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நின்னு போகலே. கொழும்பில இறங்கினப்போ இதில மணி ரெண்டரை. டிக்கெட்டில ஒன்பது பத்துன்னு போட்டிருந்துச்சு. ரெண்டு ராத்திரியாத் தூங்கலே சாமி. ஏழரைக்கு அலாரம் வச்சுட்டுக் கண்ணை மூடினேன். ஏழரைக்குச் சரியா அடிச்சுது. எழுந்து பார்த்தா சுவரில மணி பத்து. அதே செல்போன் திருச்சியில இறங்கினதும் தானாச் சரியாயிடுச்சு. திருச்சியில தெரிஞ்சது இதுக்குக் கொழும்பில ஏன் தெரியலே?”

ஆறுதலாக நாம் கூறியவற்றை இங்கே எழுதத் தேவையில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்றோம், செல்போனைப் பயிலவில்லை. ஆகவே நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவரை அழைத்துக் கேட்டோம். செல்போன் கோபுரங்களில் ஏறிக் கருவிகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். அவர் கூறியதையும், பின்னர் நாமே தேடிப் படித்ததையும் சேர்த்து இக்கட்டுரையை வரைகிறோம். நம் பங்குகளில் வெளிநாட்டில் பிள்ளை இல்லாத வீடு எத்தனை? ஆதலால் இது ஒரு குடும்பத்தின் செய்தி மட்டுமன்று.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். கைபேசிக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. சிறு படிகக்கல் ஒன்று வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அவ்வதிர்வுகளை எண்ணி ஒரு வினாடி ஆயிற்று என்று கருவி குறித்துக்கொள்கிறது. நம் கைக்கடிகாரங்களில் உள்ளதும் இதே படிகந்தான். அது நாளொன்றுக்கு ஓரிரு வினாடி முன்பின் ஓடும். ஒரு வினாடிக்கும் அடுத்த வினாடிக்கும் உள்ள இடைவெளியை இப்படிகம் அறியும். இப்பொழுது மணி என்ன என்பதை அறியாது. அதை யாரேனும் ஒருவர் அதற்குச் சொல்ல வேண்டும். பழைய கோயில்பிள்ளைக்கு வானொலி சொன்னதுபோல.

அப்படியானால் யார் சொல்கிறார்?

கைபேசியைத் திறந்தவுடன் அது அருகிலுள்ள கோபுரத்தைத் தேடி, “நான் இன்னான், இந்த எண்ணுக்கு உரியவன், என்னைச் சேர்த்துக்கொள்” என்று விண்ணப்பம் செய்கிறது. பின்னாலுள்ள நிலையம் அவ்விண்ணப்பத்தை ஆராய்ந்து ஏற்றுக்கொள்கிறது. ஏற்றுக்கொண்டதும், நிலையம் விரும்பினால், ஒரு சிறு செய்தியையும் உடன் அனுப்பும். அதில் இன்றைய தேதி இருக்கும். உலகப் பொது நேரம் மணி, நிமிடம், வினாடி எனக் குறிக்கப்பட்டிருக்கும். இவ்விடத்து நேரம் அப்பொது நேரத்துக்கு எவ்வளவு முன்னோ பின்னோ உள்ளது என்பதும் இருக்கும். இம்முறைக்குப் பொறியாளர் இட்ட சுருக்கப் பெயர் ‘நிட்ஸ்’ என்பது. ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட ஜி.எஸ்.எம். என்னும் கைபேசி முறையின் விதிகளில் 1996ஆம் ஆண்டுத் தொகுப்பில் இது இடம்பெற்றது.

அச்செய்தியில் இடத்து வேறுபாட்டைக் குறிக்கும் முறை சுவையானது. மணிக்கணக்கில் குறிப்பதில்லை, கால்மணிக் கணக்கில் குறிக்கிறார்கள். குவைத்துக்கு 12 கால்மணி, அதாவது 3 மணி. இந்தியாவுக்கு 22 கால்மணி, அதாவது ஐந்தரை மணி. நேபாளத்துக்கு 23 கால்மணி. அந்நாட்டார் நம்மைவிடக் கால்மணி முந்தியவர்கள். அவர்களையும் விட்டுவிடாமல் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே கால்மணி அளவு வேண்டியதாயிற்று போலும்.

இனி அம்மகனின் கேள்விக்கு வருவோம். குவைத்தில் விமானம் ஏறியவுடன் விதிப்படி அவர் தம் கைபேசியை ‘விமானப் பயண நிலை’யில் வைத்தார். அந்நிலையில் கைபேசியின் காது அடைபட்டுவிடும். எக்கோபுரத்தின் குரலும் அதற்குக் கேளாது. ஆனால் உள்ளிருக்கும் படிகம் ஓடிக்கொண்டேயிருக்கும். கொழும்பில் இறங்கியபின் அவர் அந்நிலையை மாற்றவில்லை. குவைத்து எண்ணை வேறு நாட்டில் திறந்தால் பெருங்கட்டணம் வந்து சேரும் என்று உடன் வேலை செய்வோர் எச்சரித்திருந்தனர். திருச்சியில் இறங்கிய பின்னரே, உள்ளேயிருந்த தம் இந்திய எண்ணைப் பயன்படுத்தலாம் என்று திறந்தார். திறந்த சில நொடிகளில் கோபுரத்தின் செய்தி வந்தது. 12 கால்மணி 22 கால்மணியாயிற்று. கொழும்பில் அது காட்டிய மணி பொய்யன்று. குவைத்தில் அப்போது மணி அதுவேதான், ஒரு வினாடியும் பிசகாமல். தான் இருக்கும் ஊர் மாறிவிட்டது என்பதை மட்டும் அது அறியவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். இலங்கை நேரமும் நம் நேரமும் இன்று ஒன்றே. எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1996 மே மாதத்தில், மின்சாரத் தட்டுப்பாட்டின் காரணமாக, இலங்கை அரசு கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளிற்று. அதே ஆண்டு அக்டோபரில் அரைமணியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. எஞ்சிய அரைமணி 2006 ஏப்ரலில்தான் போயிற்று. இடைப்பட்ட பத்தாண்டுகளில் தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே சில கல் தொலைவுக் கடலில் அரைமணி நேரம் கிடந்தது! சூரியன் இரு கரைக்கும் ஏறக்குறைய ஒரே வேளையில்தான் உதித்தான் என்று சொல்லவும் வேண்டுமோ?

நிற்க. கோபுரம் கைபேசிக்குச் சொல்கிறது. கோபுரத்துக்கு யார் சொல்கிறார்?

வானத்தைப் பார்க்க வேண்டும். ஜி.பி.எஸ். எனப்படும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரங்கள் உள்ளன. அவை வழிகாட்டுவதற்காக ஏற்பட்டவை என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அவை ஓயாமல் கூவிக்கொண்டிருப்பது மணியைத்தான். பல கோள்களிலிருந்து வரும் குரல்கள் எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தன என்பதைக் கணக்கிட்டே நம் கருவி இடத்தைக் கண்டுபிடிக்கிறது. ஐன்ஸ்டைன் கூறிய சார்பியல் கொள்கையின்படி, அவ்வுயரத்தில் பறக்கும் கடிகாரம் தரையிலுள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஒரு வினாடியின் பத்துலட்சத்தில் 38 பங்கு விரைந்து ஓடும். இதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டர் அளவுக்கு இடம் தவறிப்போகும். எனவே முன்கூட்டியே திருத்தி வைத்திருக்கிறார்கள்.

கைபேசிக் கோபுரங்கள் பலவற்றின் உச்சியில் இக்கோள்களின் குரலைக் கேட்கும் சிறு குமிழ் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். “ஃபாதர், அதைக் கழுவித் துடைக்கிறது எங்க வேலையில ஒண்ணு. காக்கை அதில உக்காந்து அசிங்கம் பண்ணிடும்” என்று நம் இளைஞர் சிரித்தார். கோபுரங்கள் தமக்குள் நேரம் ஒத்திருந்தால்தான் ஒன்றின் அலை மற்றொன்றின் அலையில் மோதாமல் இருக்கும். மணியைக் கைபேசிக்குச் சொல்வது அவற்றுக்குக் கிளைவேலையே. முன்பு நம் நாட்டில் ‘சி.டி.எம்.ஏ.’ என்றொரு முறையில் இயங்கிய கைபேசிகள் இருந்தன. வாசகருள் சிலரிடம் இருந்திருக்கும். அம்முறையில் கோபுரங்கள் ஜி.பி.எஸ். நேரம் இல்லாமல் இயங்கவே முடியாது. ஆகவே அக்கைபேசிகள் வினாடி பிசகாமல் மணி காட்டின. மற்ற முறையில், மேலே சொன்னதுபோல், நிலையத்தார் விரும்பினால் அனுப்புவார்கள், அனுப்பாமலும் இருப்பார்கள், அனுப்புவோரின் கடிகாரமே பிசகியிருக்கவும் கூடும்.

இக்குறையை நீக்க இக்காலத்துக் கைபேசி வேறொரு வாசலையும் தட்டுகிறது. இணையத்தில் மணி சொல்வதற்கென்றே அமைந்த கணினிகள் உள்ளன. அவற்றிடம் கேட்கும் முறையை அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் உருவாக்கி, 1985இல் விதிமுறையாக வெளியிட்டார். அவர் பிறவியிலேயே கண் அழுத்த நோயால் பார்வை குன்றியவர். உலகத்துக் கணினிகளுக்கெல்லாம் கடிகாரத்தைத் திருத்திக் கொடுத்த அவர் 2024 ஜனவரியில், தம் 85ஆம் வயதில் காலமானார். நம் நாளேடுகளில் அச்செய்தியை நாம் கண்டதாக நினைவில்லை.

அவர் கண்ட வழி, அஞ்சலில் மணி கேட்பது போன்றது. கேள்வி போய்ச் சேரவும் விடை வந்து சேரவும் நேரம் ஆகுமல்லவா? விடை வருவதற்குள் அதில் எழுதியிருக்கும் மணி பழையதாகிவிடுமே! எனவே கைபேசி, தான் கேட்ட நேரத்தைத் தன் கடிகாரப்படி குறித்துக்கொள்கிறது. 10 மணி என்று வைப்போம். விடை வந்தபோது தன் கடிகாரத்தில் 10 மணி 2 வினாடி. விடையில், “உன் கேள்வி எனக்குக் கிடைத்தபோது 10 மணி 5 நிமிடம் 1 வினாடி, உடனே பதில் போட்டேன்” என்று இருக்கிறது. போகவர இரண்டு வினாடி ஆகியிருப்பதால், போக ஒன்று, வர ஒன்று. ஆகவே இப்போது அங்கே 10 மணி 5 நிமிடம் 2 வினாடி. நம் கடிகாரம் 5 நிமிடம் பின்தங்கியிருக்கிறது என்று கண்டு திருத்திக்கொள்கிறது. மறைக்கல்வி வகுப்பில் இதைச் சொன்னபோது, ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “போறதுக்கும் வர்றதுக்கும் ஒரே நேரம் ஆகலேன்னா?” என்று கேட்டாள். ஆகாவிட்டால் அந்த அளவுக்குப் பிழை வரும். மில்ஸ் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை அப்பிழையைக் குறைப்பதிலேயே செலவிட்டார்.

ஆனால் இங்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணையம் சொல்வது உலகப் பொது நேரம் மட்டுமே. நீ நிற்பது கொழும்பா குவைத்தா என்று அக்கணினி சொல்லாது. இடத்தை அறியக் கைபேசி மறுபடியும் கோபுரத்தையோ செயற்கைக்கோளையோ நாட வேண்டும். கோபுரங்கள் ஒவ்வொன்றும் தம் நாட்டுக்குரிய எண்ணை ஓயாமல் ஒலிபரப்புகின்றன: நம் நாட்டுக்கு 404, 405, இலங்கைக்கு 413, குவைத்துக்கு 419. இவ்வெண்ணைக் கேட்டு, இன்ன நாட்டில் இருக்கிறோம், இங்கே மணி இவ்வளவு என்று கைபேசி ஊகித்துக்கொள்ளும்.

செயற்கைக்கோளுக்கும் இணையக் கணினிக்கும் மணி சொல்பவர் யார் என்று இனியும் கேட்டுக்கொண்டே போனால் பாரிஸ் நகரை அடுத்த செவ்ர் என்னும் ஊருக்குப் போய்ச் சேர்வோம். 1967 முதல் ஒரு வினாடி என்பது சீசியம் அணுவின் ஒருவகை அதிர்வு 9,192,631,770 முறை நிகழும் காலம் என்று உலக நாடுகள் வரையறுத்துள்ளன. நாடுகள் பலவற்றின் ஆய்வகங்களில் நானூறுக்கும் மேற்பட்ட அணுக்கடிகாரங்கள் ஓடுகின்றன. எந்த ஒரு கடிகாரத்தையும் தலைமைக் கடிகாரம் என்று கொள்வதில்லை. அத்தனையின் கணக்கையும் செவ்ரிலுள்ள அனைத்துலக அளவை நிலையத்தார் பெற்று, சராசரி கண்டு, உலகப் பொது நேரத்தை நிலைநாட்டுகின்றனர். நம் நாட்டின் பங்கைப் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அளிக்கிறது. இந்திய நேரத்தைக் காப்பதும் அவ்வாய்வகமே. “தில்லிக்காரன்” என்று நம் கோயில்பிள்ளை கூறியதில் அவர் அறியாத உண்மையும் இருந்தது.

இவ்வளவும் விஞ்ஞானம். ஆனால் 22 கால்மணி என்று நமக்கு வகுத்தது விஞ்ஞானமன்று, சட்டம். மிர்சாப்பூர் அருகே செல்லும் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு, 1906 ஜனவரி 1 முதல் இந்தியா முழுமைக்கும் ஒரே மணி என்று ஏற்பட்டது. அதற்கு முன்பு இரயில்கள் சென்னை நேரப்படி ஓடின. சென்னை வானாய்வகம் கணித்த அந்நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. கல்கத்தா நகரம் 1948 வரையும் பம்பாய் நகரம் 1955 வரையும் தத்தம் உள்ளூர் மணியைக் கைவிடவில்லை. நம் பகுதியில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.15 அளவில்தான். நாம் 12 மணிக்கு அடிக்கும் நண்பகல் மணி, மிர்சாப்பூரின் நண்பகலுக்கு உரியது!

காலத்தை ஆணையால் திருத்துவது திருச்சபைக்கும் புதிதன்று. திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார், இயேசு சபைக் குரு கிளாவியுஸ் முதலான அறிஞரின் துணைகொண்டு 1582இல் நாட்காட்டியைத் திருத்தினார். அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாளுக்கு மறுநாள் 15ஆம் நாள் என்று அறிவிக்கப்பட்டது. அவிலா நகர்ப் புனித தெரேசா கண்மூடியது அந்த 4ஆம் நாள் இரவில். மறுநாள் அவரை அடக்கம் செய்தபோது தேதி 15. அவருடைய திருவிழாவை இன்றும் நாம் அக்டோபர் 15இல் கொண்டாடுவது இதனாலேயே.

கிரகோரியார் காலத்தில் கைபேசி இல்லை. இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை லெபனான் நாடு 2023இல் காட்டிற்று. அந்நாட்டில் ஆண்டுதோறும் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவது வழக்கம். அவ்வாண்டு ரமலான் நோன்பு அவ்வேளையில் வந்தது. நோன்பு முடியும் ஏப்ரல் 20 வரை கடிகாரத்தை மாற்ற வேண்டாம் என்று பொறுப்புப் பிரதமர் நஜீப் மிக்காத்தி மார்ச் 23இல், அதாவது மூன்றே நாள் இருக்கையில், அறிவித்தார். திருத்தந்தையோடு ஒன்றித்திருக்கும் மாரோனைட் திருச்சபை, முன்கூட்டிக் கலந்து பேசாமல் எடுத்த முடிவு இது என்று மறுத்து, வழக்கப்படியே மணியை மாற்றிக்கொண்டது. பள்ளிகள், தொலைக்காட்சி நிலையங்கள் பல அதனைப் பின்பற்றின. அந்த ஞாயிறன்று ஒரே நாட்டில், ஒரே தெருவில், இரண்டு மணி!

பாவம், கைபேசிகள் யார் பக்கம் சேரும்? உலக நாடுகளின் நேர விதிகளையெல்லாம் தொகுத்த கோப்பு ஒன்று கைபேசிகளுக்குள் இருக்கிறது. தன்னார்வலர் சிலர் அதைப் பேணி வருகின்றனர். அக்கோப்பு லெபனானில் ஞாயிறன்று மணி மாறும் என்று முன்பே குறித்து வைத்திருந்தது. அரசோ மாறாது என்றது. பல கைபேசிகள் தாமே முன்னேறிக்கொண்டன. கைபேசி நிறுவனங்கள் வாடிக்கையாளரை நோக்கி, தானியங்கி அமைப்பை நிறுத்திவிட்டுக் கையால் மணியை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ள நேர்ந்தது. கோப்பைப் பேணுவோர் அவசரமாக அரசாணைப்படி திருத்தினர். அதற்குள் மார்ச் 27இல் அமைச்சரவை கூடித் தன் முடிவை மாற்றிக்கொண்டது. 29ஆம் நாள் நள்ளிரவில் மணி முன்னேறியது. கோப்பும் மறுபடி திருத்தப்பட்டது. இதில் மதப்பூசல் என்ற நிறத்தையும் சிலர் பூசினார்கள். நம் கருத்தில், மக்களுக்கு மூன்று நாள் மட்டும் அவகாசம் தந்து மணியை மாற்றுகிற எந்த அரசும் பூசலை வரவழைத்துக்கொள்ளும். அதற்கு மதம் தேவையில்லை.

இனி நம் குடும்பங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுவோம்.

கைபேசியின் அமைப்புகளில் தேதி, நேரம் என்ற பகுதியில் ‘தானாக’ என்று ஒரு பொத்தான் இருக்கும்; நேரத்துக்கு ஒன்று, நேர மண்டலத்துக்கு ஒன்று என இரண்டாகவும் இருக்கலாம். அவை இயங்கும் நிலையிலேயே இருக்கட்டும். நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இங்கே ஒரு சொல்: விளையாட்டில் அடுத்த வாய்ப்பு வருவதற்குள் பொறுக்கமாட்டாமல் கைபேசியின் தேதியைக் கையால் தள்ளிவைக்கும் தந்திரத்தை நாம் அறிவோம். பிறகு அதை மறந்துவிடுவதும், “போன் கெட்டுப்போச்சு, நெட் வரலே” என்று அம்மா கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் நமக்குத் தெரியும். தேதி தவறினால் இணையத்தின் பாதுகாப்பு முத்திரைகள் காலாவதியானவை என்று கருவி எண்ணிக்கொள்ளும். பல பக்கங்கள் திறவா. கடைக்காரர் பொத்தானைத் தட்டிவிட்டு நூறு ரூபாய் வாங்கிக்கொள்கிறார்.

வெளிநாடு செல்வோர், வருவோர் கவனிக்க வேண்டியது வேறு. விமானம் தரையிறங்கியதும் விமானப் பயண நிலையை நீக்குங்கள். கட்டணத்துக்கு அஞ்சினால், முன்னதாகவே இணையத் தரவையும் வெளிநாட்டுத் தரவுச் சேவையையும் நிறுத்திவையுங்கள். வருகிற அழைப்பை எடுக்காதிருங்கள். கோபுரம் நம்மை ஏற்றுக்கொண்டாலே மணி வந்துவிடும், மணிக்குக் கட்டணமில்லை. அங்குள்ள கோபுரம் நம் எண்ணை ஏற்கவில்லையென்றால் மணி மாறாமலே போகலாம். விமான நிலையத்து இலவச இணையத்தில் சேர்ந்தாலும் பொது நேரந்தான் உறுதியாகும். இடத்து நேரம் மாறும் என்று எல்லாக் கைபேசிகளிலும் நம்ப முடியாது. ஆதலால் அலாரம் வைக்குமுன் தலையை நிமிர்த்திச் சுவர்க் கடிகாரத்தையோ, விமானங்களின் புறப்பாட்டுப் பலகையையோ ஒருமுறை பாருங்கள். விமானச் சீட்டில் அச்சிட்டிருக்கும் மணி எப்போதும் அந்தந்த ஊரின் மணியே. பக்கத்திலிருப்பவரைக் கேட்டாலும் தாழ்வில்லை. மேற்கிலிருந்து கிழக்கே வரும்போதுதான் ஆபத்து அதிகம். நம் கைபேசி பின்தங்கியிருக்கும், விமானம் முந்திவிடும்.

இவ்விவரங்களையெல்லாம் அம்மகனுக்குச் சொன்னோம். அமைதியாகக் கேட்டார். “அப்போ இது மேல தப்பில்லே” என்று கைபேசியை எடுத்துக் கையில் புரட்டினார். நாம், “உம் மேலும் தப்பில்லை” என்றோம். அவர் அதை ஏற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை.

அவருக்குக் கிடைத்த விடுப்பு இருபது நாட்களே. முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலிக்கு அவரால் தங்க முடியவில்லை. புறப்படுவதற்கு முந்திய மாலையில் வந்து, திருப்பலி எத்தனை மணிக்கு என்று கேட்டார். காலை 6 மணி என்றோம். விரலால் எண்ணிப் பார்த்து, “அங்கே மூன்றரை” என்றார்; பூசையைச் சரியாக 6 மணிக்குத் தொடங்குமாறு வேண்டிக்கொண்டார். பொதுவாக நம் பங்கில் ஐந்து பத்து நிமிடம் தாமதமாவது வாசகர் அறிந்ததே.

அன்று காலை தற்போதைய கோயில்பிள்ளை நம் கைபேசியைப் பார்த்து மணியடித்தார். நாம் பீடத்துக்குச் சென்றபோது 6 மணி. திருப்பலி முடிந்து இல்லம் திரும்பிக் கைபேசியை எடுத்தோம். 6.01க்கு வந்த செய்தி ஒன்று இருந்தது: “எழுந்து உட்கார்ந்திருக்கிறேன் சாமி. அப்பாவின் மணி அடித்தாயிற்றா?”